ரெடிஸில் யாருக்கு எந்தக் கட்டளை? ஏசிஎல் விதிகளைச் சரிபார்க்க உதவி வேண்டும்

தெற்குவாசல்:

வணக்கம். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு ரெடிஸ் (தரவை நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவுத்தளம்) சர்வர், பதிப்பு 7.2. அதை மூன்று தரப்பு பயன்படுத்துகிறது. ஜாங்கோவில் (பைத்தான் வலைத்தளக் கட்டமைப்பு) எழுதிய கடைத் தளம் கேஷையும் (தற்காலிகச் சேமிப்பு) செஷனையும் (உள்நுழைந்த வாடிக்கையாளரின் பதிவு) அதில்தான் வைக்கிறது. பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியின் வேலை வரிசையும் அங்கேதான். அப்புறம் அறிக்கை எடுக்கும் குழு. இதுவரை எல்லோருக்கும் ரெக்வயர்பாஸ் அமைப்பில் போட்ட ஒரே கடவுச்சொல்தான். பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர்கள், ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் வேண்டும், தேவைப்படும் கட்டளைகள் மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரெடிஸின் ஏசிஎல் (யாருக்கு எது அனுமதி என்ற விதிகள்) ஆவணத்தைப் படித்து இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ~ என்பது கீ பேட்டர்ன், + அனுமதி, - விலக்கு, @ கட்டளை வகை:

யூசர் கடை ஆன் >(கடவுச்சொல்) ~கடை:* +@ரீட் +@ரைட்
யூசர் வேலை ஆன் >(கடவுச்சொல்) ~செலரி* +@ஆல் -@டேஞ்சரஸ்
யூசர் அறிக்கை ஆன் >(கடவுச்சொல்) ~அறிக்கை:* +@ரீட்

ஒவ்வொருவருக்கும் கீயின் (தரவுக்கு வைக்கும் பெயர்) முன்னொட்டு தனியாக இருப்பதால் ஒருவர் தரவை இன்னொருவர் தொட முடியாது என்பது என் புரிதல். சரிதானா? இதை அப்படியே ப்ரொடக்‌ஷனில் ஏற்றலாமா?

மழைமேகம்:

எங்கள் இடத்தில் இன்னும் ரீனேம்-கமாண்ட் முறைதான். எல்லாத் தரவையும் அழிக்கும் ஃப்ளஷ்ஆல், சர்வர் அமைப்பை மாற்றும் கான்ஃபிக் இரண்டுக்கும் யாரும் ஊகிக்க முடியாத பெயர் வைத்துவிட்டோம். வேலை நடக்கிறது. ஏசிஎல் அவசியமா என்று எனக்கும் தெரிய வேண்டும், அதனால் இந்த இழையைத் தொடர்கிறேன்.

பழைய டிபிஏ:

தெற்குவாசல், ஏற்ற வேண்டாம். முதல் விதியிலேயே பெரிய ஓட்டை இருக்கிறது.

ரெடிஸ் ஒரு கட்டளையைச் சோதிக்கும்போது இரண்டு விஷயம் பார்க்கும். இந்தக் கட்டளையை ஓட்ட இவருக்கு அனுமதி உண்டா? கட்டளையோடு சேர்த்துக் கொடுத்திருக்கும் கீ, இவருக்கு அனுமதித்த பேட்டர்னுக்குள் வருகிறதா? இரண்டாவது கேள்வி எழுவதே கட்டளையில் கீ என்று ஒன்று எழுதப்பட்டிருந்தால்தான். கெட், செட், டெல் எல்லாம் கீயோடு வரும், அங்கே பேட்டர்ன் நன்றாக வேலை செய்யும். ஃப்ளஷ்ஆல் எந்தக் கீயையும் வாங்குவதில்லை. பொருத்திப் பார்க்க எதுவும் இல்லாததால் பேட்டர்ன் சோதனையே நடக்காது.

அந்த ஃப்ளஷ்ஆல் எந்த வகைக்குள் வருகிறது என்று ஏசிஎல் கேட் ரைட் கொடுத்துப் பாருங்கள். @டேஞ்சரஸில் இருப்பது போலவே @ரைட்டிலும் இருக்கும். நீங்கள் +@ரைட் கொடுத்துவிட்டு எதையும் கழிக்கவில்லை. ஆக உங்கள் 'கடை' பயனர் செலரி வரிசை, அறிக்கைத் தரவு எல்லாவற்றையும் ஒரே வரியில் துடைத்துவிடலாம். ஒரு டிபியை (சர்வருக்குள் எண்ணிட்ட தரவுப் பிரிவு) அழிக்கும் ஃப்ளஷ்டிபி, இரண்டு டிபிகளை இடமாற்றும் ஸ்வாப்டிபி இரண்டும் அதே கதைதான்.

மழைமேகம், ரீனேம்-கமாண்ட் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பொருந்தும். நிர்வாகிக்கு ஒன்று, செயலிக்கு ஒன்று என்று பிரிக்க வழியில்லை. ஏஓஎஃப் கோப்பில் (கட்டளைகளின் பதிவு) எழுதப்படும் அல்லது ரெப்ளிகாவுக்கு (நகல் சர்வருக்கு) போகும் கட்டளையின் பெயரை மாற்றினால் சிக்கல் வரலாம் என்று ரெடிஸ் கான்ஃபிக் கோப்பே எச்சரிக்கிறது. அதே கோப்பில், முடிந்தவரை இதைத் தவிர்த்து ஏசிஎல் பயன்படுத்துங்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் 6.0 வரும்வரை வேறு வழி இல்லை, அதனால் எல்லோரும் அதைச் செய்தோம். இப்போது தேவையில்லை.

தெற்குவாசல்:

சோதனை சர்வரில் 'கடை' பயனராக நுழைந்து பார்த்தேன். 'அறிக்கை:மாதம்' என்ற கீயைக் கெட் செய்தால் நோபெர்ம் (அனுமதி இல்லை) பிழை, எதிர்பார்த்தபடியே. அடுத்து ஃப்ளஷ்ஆல் கொடுத்தேன். ஓகே என்று வந்தது. டிபிசைஸ் (கீகளின் எண்ணிக்கை) பூஜ்யம். நீங்கள் சொன்னது அப்படியே நடக்கிறது, அண்ணா.

மூன்று விதியிலும் கடைசியில் -@டேஞ்சரஸ் சேர்த்துவிட்டால் போதுமா?

பழைய டிபிஏ:

சேர்ப்பது நல்லது, ஆனால் அது கடைசியில்தான் இருக்க வேண்டும். விதிகள் இடமிருந்து வலமாகப் படிக்கப்படும். முதலில் -@டேஞ்சரஸ் எழுதிப் பின்னால் +@ரைட் எழுதினால், கழித்த ஃப்ளஷ்ஆல் திரும்ப உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று. சோதிப்பதற்காகத் தரவை அழிக்க வேண்டியதில்லை. 7.0 முதல் ஏசிஎல் ட்ரைரன் இருக்கிறது. பயனர் பெயரையும் கட்டளையையும் கொடுத்தால் அனுமதி உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும், எதையும் ஓட்டாது.

வெட்டிவேர்:

ஜாங்கோ என்று சொன்னதால் வருகிறேன். -@டேஞ்சரஸ் சேர்த்தாலும் அறிக்கைப் பயனரின் விதி எனக்குப் பயமாக இருக்கிறது. காரணம் ஸ்கேன், அதாவது சர்வரில் இருக்கும் கீ பெயர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியலிடும் கட்டளை.

அதேபோல் கீ பெயர்களைத் தரும் கீஸ் கட்டளை @டேஞ்சரஸில் இருக்கிறது, அது போய்விடும். ஸ்கேன் @டேஞ்சரஸில் இல்லை. @ரீட்டில் இருப்பதால் அறிக்கைப் பயனருக்குக் கிடைக்கும். டிபிஏ சொன்ன அதே காரணத்தால் பேட்டர்ன் அதைத் தடுக்காது. அதாவது '~அறிக்கை:*' என்று கட்டியிருந்தாலும், அந்தப் பயனர் ஸ்கேன் ஓட்டினால் சர்வரில் இருக்கும் எல்லாருடைய கீ பெயர்களும் வரும். ஏதாவது ஒரு கீயின் பெயரைத் தரும் ரேண்டம்கீயும் இப்படித்தான்.

பெயர் தெரிந்தால் என்ன, மதிப்பைப் படிக்க முடியாதே என்று தோன்றும். செஷன் விஷயத்தில் அந்தப் பெயரே போதும். ஜாங்கோவில் செஷனைக் கேஷில் வைத்தால் கீ எப்படி இருக்கும் என்று பாருங்கள்: உங்கள் முன்னொட்டு, பதிப்பு எண், 'ஜாங்கோ.கான்ட்ரிப்.செஷன்ஸ்.கேஷ்' என்ற சொல், அதை ஒட்டியே செஷன் அடையாளம். அந்த அடையாளம்தான் வாடிக்கையாளரின் உலாவியில் செஷன்ஐடி குக்கியாக இருப்பது. ஸ்கேனில் வந்த பெயரின் வால்பகுதியை எடுத்துத் தன் உலாவியின் குக்கியில் ஒட்டினால் அந்த வாடிக்கையாளராக உள்ளே போய்விடலாம். நிர்வாகி யாராவது உள்ளே இருந்தால் அவராகவும் போகலாம். மதிப்பை ஒரு தடவைகூடப் படிக்கத் தேவையில்லை.

அதனால் அறிக்கைப் பயனருக்கு -ஸ்கேன் -ரேண்டம்கீ கண்டிப்பாக வேண்டும். அதைவிட நல்லது, @ரீட்டையே எடுத்துவிட்டு அவர்கள் உண்மையில் அழைக்கும் நாலைந்து கட்டளைகளை மட்டும் கொடுப்பது.

இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜாங்கோ 4.0-இல் சேர்ந்த ரெடிஸ் கேஷில் கேஷ்.கிளியர் என்று அழைத்தால் அது பின்னால் ஃப்ளஷ்டிபி அனுப்புகிறது. உங்கள் முன்னொட்டை அது பார்ப்பதே இல்லை. செலரியும் அதே டிபி எண்ணில் இருந்தால் வரிசையில் நிற்கும் வேலைகளும் சேர்ந்தே அழியும். டிப்ளாய் ஸ்கிரிப்டில் கேஷ்.கிளியர் இருக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். ஏசிஎல் போட்ட பிறகு அது நோபெர்ம் பிழையோடு நிற்கும். நிற்கட்டும், அது நிற்பதுதான் நமக்கு வேண்டியது.

தெற்குவாசல்:

தேடினேன். டிப்ளாய் ஸ்கிரிப்டில் இருக்கிறது. நன்றி அக்கா. செஷன் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

கொங்குகோடு:

மன்னிக்கவும், நான் வேறு பக்கம் நிற்கிறேன். இத்தனை ஓட்டையை ஒவ்வொன்றாக அடைப்பதற்குப் பதில் மூன்று ரெடிஸ் ப்ராசஸ் ஓட்டினால் என்ன? காலி ரெடிஸ் ஒன்று எடுக்கும் நினைவகம் 3 எம்பி அளவுதான். மூன்று போர்ட், மூன்று கடவுச்சொல். ஸ்கேன் கசியாது, ஃப்ளஷ்டிபி அடுத்தவர் தரவைத் தொடாது. டிபி 0, டிபி 1 என்று பிரித்து வைத்துப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான், ஏனென்றால் ரெடிஸ் ஏசிஎல்லில் டிபி எண்ணுக்கென்று தனி அனுமதி கிடையாது. கீ பேட்டர்ன் எல்லா டிபிக்கும் பொதுவாகவே பொருந்தும்.

பழைய டிபிஏ:

செஷனைத் தனி ப்ராசஸுக்குக் கொண்டுபோவதை நானும் ஆதரிக்கிறேன். வெட்டிவேர் சொன்ன கசிவுக்கு அதுதான் முழுத் தீர்வு. ஆனால் அதோடு ஏசிஎல் வேலை முடிந்துவிடாது, நண்பரே.

ஒவ்வொரு ப்ராசஸிலும் முழு அதிகாரம் உள்ள ஒரே கடவுச்சொல் இருந்தால், செயலியில் நுழைந்தவன் சர்வரிலும் நுழையலாம். ரெடிஸை உருவாக்கிய சால்வட்டோரே சான்ஃபிலிப்போவே 2015-இல் இதைச் செய்து காட்டி எழுதினார். கான்ஃபிக் செட் கொண்டு தரவுக் கோப்புறையை எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினியில் நுழையும் வழி) கோப்புறைக்கு மாற்றுவது, கோப்பின் பெயரை அனுமதிச் சாவிகள் கோப்பின் பெயராக மாற்றுவது, தன் பொதுச் சாவியை ஒரு கீயின் மதிப்பாக எழுதி சேவ் கொடுப்பது. அவ்வளவுதான், கணினியில் ஷெல், அதாவது கட்டளை ஓட்டும் வசதி, கிடைத்துவிடும். 7.0-இல் அந்த இரண்டு அமைப்புகளையும் ஓடும்போது மாற்றுவதை இயல்பாகவே தடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய பதிப்பு ஓட்டுபவர்களுக்குக் கான்ஃபிக்கை மூடுவதுதான் காவல்.

இன்னும் அண்மையில் 2025 அக்டோபரில் வந்தது சிவிஈ-2025-49844 என்ற பாதுகாப்புக் குறைபாடு. ரெடிஸுக்குள் ஸ்கிரிப்ட் ஓட்டும் லுவா மொழியின் இயந்திரத்தில் இருந்த பழைய பிழை. உள்நுழைந்த பயனர் ஒருவர், இதற்கென்றே தயாரித்த ஸ்கிரிப்டை அனுப்பி, சர்வரிலேயே தன் நிரலை ஓட்ட முடியும். தீவிர மதிப்பெண் 10-க்கு 10. உடனே பதிப்பை ஏற்ற முடியாதவர்களுக்கு அறிவிப்பில் சொன்ன தற்காலிக வழி என்ன தெரியுமா? ஏசிஎல் கொண்டு, ஸ்கிரிப்ட் ஓட்டும் எவால், எவால்ஷா இரண்டையும் மூடுவது. மூன்று ப்ராசஸ் ஓட்டியவர்களுக்கும் அந்த வேலை இருந்தது.

தெற்குவாசல், இதில் உங்களுக்கு நேரடியாக ஒன்று இருக்கிறது. எவால் @ஸ்கிரிப்டிங் வகையில்தான் இருக்கிறது, @டேஞ்சரஸில் இல்லை. 'வேலை' பயனருக்கு நீங்கள் எழுதிய +@ஆல் -@டேஞ்சரஸ் விதி லுவாவைத் திறந்தே வைத்திருக்கிறது. உங்கள் 7.2 எத்தனையாவது திருத்தம் என்று பாருங்கள். 7.2.11-க்குக் கீழே என்றால் ஏசிஎல்லுக்கு முன் பதிப்பை ஏற்றுங்கள்.

கொங்குகோடு:

லுவா விஷயம் ஒப்புக்கொள்கிறேன். தனி ப்ராசஸ், அதற்குள் ஏசிஎல் என்று இரண்டும் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போ செலரிக்கு லுவாவை மூடிவிடலாமா?

வெட்டிவேர்:

மூட முடியாது. செலரியின் அடியில் இருக்கும் கொம்பு லைப்ரரி, ஒப்புதல் வராத வேலைகளைத் திரும்ப வரிசையில் போடும்போது ஒரு பூட்டு எடுக்கிறது. அந்தப் பூட்டு, பைத்தானிலிருந்து ரெடிஸோடு பேசும் ரெடிஸ்-பை லைப்ரரியின் லாக். அதை விடுவிக்க ரெடிஸ்-பை லுவா ஸ்கிரிப்ட் ஓட்டும். ஸ்கிரிப்டை ஏற்றி வைக்கும் ஸ்கிரிப்ட் லோடும், ஏற்றியதை ஓட்டும் எவால்ஷாவும் வேண்டும். எவாலை மட்டும் மூடி மனதைத் தேற்றிக்கொள்வதிலும் பயனில்லை. ஸ்கிரிப்ட் லோட், எவால்ஷா இரண்டும் கையில் இருந்தால் எந்த ஸ்கிரிப்டையும் ஓட்டலாம். வேலைப் பயனருக்கு லுவா உண்டு, கடைக்கும் அறிக்கைக்கும் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டுக்குள் ஓடும் கட்டளைகளும் அழைத்த பயனரின் அனுமதிப்படிதான் சோதிக்கப்படும், அந்த அளவில் நிம்மதி.

அடுத்தது '~செலரி*' பேட்டர்ன். அது போதாது. ஒப்புதல் வராத வேலைகள் 'அன்ஏக்ட்' என்ற ஹாஷிலும் 'அன்ஏக்ட்_இண்டெக்ஸ்' என்ற சார்ட்டட் செட்டிலும் இருக்கும், பூட்டு 'அன்ஏக்ட்_மியூடெக்ஸ்'. வரிசை எந்த எக்ஸ்சேஞ்சோடு கட்டப்பட்டது என்பது '_கொம்பு.பைண்டிங்.' என்று தொடங்கும் கீயில். இவற்றில் ஒன்றுகூட செலரி என்று தொடங்கவில்லை. உங்கள் விதியோடு ஒர்க்கரை (வேலைகளை ஓட்டும் செலரி ப்ராசஸை) எழுப்பினால் உடனே நோபெர்ம் வரும். சுத்தமான வழி, செலரி அமைப்பில் குளோபல்_கீப்ரிஃபிக்ஸ் கொடுத்து எல்லாக் கீயையும் 'வேலை:' என்று தொடங்க வைப்பது. ப்ரோக்கருக்கும் (வரிசையை வைத்திருப்பது) ரிசல்ட் பேக்எண்டுக்கும் (வேலையின் முடிவை வைத்திருப்பது) தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே வரிசையில் நிற்கும் வேலைகள் பழைய பெயரிலேயே இருக்கும், அதனால் வரிசை காலியான நேரத்தில் மாற்றுங்கள்.

சேனல்களை, அதாவது செய்தி அனுப்பிப் பெறும் தடங்களை, மறந்துவிட்டீர்கள். 7.0 முதல் புதுப் பயனருக்கு எந்தச் சேனலும் இயல்பாகக் கிடையாது. ஒர்க்கர்களைக் கட்டுப்படுத்தும் செய்திகள் '/0.செலரி.பிட்பாக்ஸ்' போன்ற சேனலில் போகும், ரிசல்டுக்குக் காத்திருப்பதும் சேனல் வழிதான். & குறியோடு அவற்றைத் திறக்க வேண்டும். பிசப்ஸ்கிரைப் (பேட்டர்ன் கொடுத்துச் சேனல்களைக் கேட்பது) செய்யும் இடத்தில், செயலி கேட்கும் பேட்டர்னும் விதியில் எழுதிய பேட்டர்னும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். விதியில் விரிவாகக் கொடுத்திருக்கிறேனே, குறுகலாகக் கேட்டால் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் கிடைக்காது.

மழைமேகம்:

எந்தச் செயலி எந்தக் கட்டளையை அழைக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிரலைப் படித்துப் படித்துப் பட்டியல் எடுப்பதா?

பழைய டிபிஏ:

நிரலைப் படித்தால் தவறும். சோதனைச் சூழலில் அந்த ஒரு செயலியை மட்டும் ரெடிஸோடு இணைத்து, கான்ஃபிக் ரீசெட்ஸ்டாட் கொடுத்துப் பழைய எண்ணிக்கையை அழித்துவிட்டு, எல்லாச் சோதனைகளையும் ஓட்டுங்கள். பிறகு இன்ஃபோ கமாண்ட்ஸ்டாட்ஸ். அழைக்கப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் எண்ணிக்கையோடு வரும். அதுதான் உங்கள் பட்டியல்.

ஏன் தவறும் என்பதற்கு ஓர் உதாரணம். பைத்தானில் நீங்கள் இன்கர் என்று எழுதுவீர்கள். ரெடிஸ்-பை அனுப்புவது இன்கர்பை. +இன்கர் என்று அனுமதி கொடுத்துவிட்டு ஏன் நோபெர்ம் வருகிறது என்று முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே மாதிரி பைப்லைன் என்றால் இயல்பாக மல்டி, எக்ஸெக் சேர்ந்து வரும்.

பட்டியல் போட்ட பிறகும் ஏதாவது விட்டுப்போயிருக்கும். அதற்கு ஏசிஎல் லாக். மறுக்கப்பட்ட கட்டளை எது, காரணம் கட்டளையா கீயா சேனலா கடவுச்சொல்லா, எந்தப் பயனர், எந்த முகவரி என்று எல்லாம் அதில் இருக்கும். இயல்பாக 128 பதிவுதான் வைத்திருக்கும், அதுவும் நினைவகத்தில் மட்டும். சர்வரை நிறுத்தினால் போய்விடும், ஆகவே முதல் வாரங்களில் அடிக்கடி எடுத்து வையுங்கள். புது ரெடிஸ்-பை இணைந்தவுடன் தன் பெயரையும் பதிப்பையும் சொல்ல கிளையன்ட் செட்இன்ஃபோ அனுப்பும். மறுத்தாலும் செயலி கண்டுகொள்ளாது, ஆனால் லாக் முழுக்க அதுவே நிறையும். அதைத் திறந்துவிடுங்கள், உண்மையான மறுப்புகள் கண்ணில் படும்.

-@டேஞ்சரஸ் போடும்போது சர்வரின் நிலையைச் சொல்லும் இன்ஃபோவும் போய்விடும் என்பதைக் கவனியுங்கள். கண்காணிப்புக் கருவிகளும் சில கிளையன்ட் லைப்ரரிகளும் அதைக் கேட்கும். அவற்றுக்குத் தனியாக +இன்ஃபோ.

தெற்குவாசல்:

எழுதுவது எங்கே? ஏசிஎல் செட்யூசர் கொண்டு ஓடும் சர்வரில் போட்டால் போதுமா?

பழைய டிபிஏ:

அது நினைவகத்தில் மட்டும் இருக்கும். ஏசிஎல் கோப்பு ஒன்றை அமைப்பில் காட்டிவிட்டு ஏசிஎல் சேவ் கொடுத்தால் அதில் எழுதப்படும். முக்கிய அமைப்புக் கோப்பிலேயே யூசர் வரிகளை எழுதுவதும் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்த ரெடிஸ் விடாது.

செட்யூசர் ஏற்கெனவே இருக்கும் விதியின் மேல் சேர்த்துக்கொண்டே போகும், பழையதை அழிக்காது. நேற்று கொடுத்த ஒரு கட்டளையை இன்றைய வரியில் விட்டுவிட்டால் அது எடுபட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் ரீசெட் என்று தொடங்கி முழு விதியையும் எழுதுங்கள்.

ரெப்ளிகா இருந்தால் அங்கேயும் தனியாகப் போட வேண்டும். பயனர்களும் விதிகளும் ரெப்ளிகேஷனில் போவதில்லை. இதை விட்டவர்களுக்கு ஃபெயில்ஓவர் (மாஸ்டர், அதாவது முதன்மை சர்வர், விழுந்து ரெப்ளிகா பொறுப்பேற்பது) நடக்கும் இரவில்தான் தெரியும். புது மாஸ்டரில் அந்தப் பயனரே இருக்க மாட்டார், எல்லாச் செயலியும் ஒரே நேரத்தில் வெளியே நிற்கும்.

வெட்டிவேர்:

மாறும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் புதுப் பயனர்களை உருவாக்குங்கள், டிஃபால்ட் பயனரை (பெயர் கொடுக்காமல் நுழைபவர்களுக்கானது) தொடாதீர்கள். ஒவ்வொரு செயலியாக இணைப்பு முகவரியில் பயனர் பெயரைச் சேர்த்து மாற்றுங்கள். கிளையன்ட் லிஸ்டில் ஒவ்வொரு இணைப்புக்கும் யூசர் என்ற புலம் இருக்கும். அதில் டிஃபால்ட் என்று எதுவும் மிஞ்சாத வரைக்கும் பொறுங்கள். யாரோ மறந்துபோன கிரான் வேலை ஒன்று நிச்சயம் அங்கே தலைகாட்டும். ரெப்ளிகாவுக்கு பிசிங்க், ரெப்கான்ஃப், பிங் மூன்றும் கொண்ட தனிப் பயனரை வைத்து மாஸ்டர்யூசர் அமைப்பில் கொடுங்கள். அதன் பிறகுதான் டிஃபால்டை ஆஃப் செய்வது.

ஆஃப் செய்தால் புதிதாக நுழைய முடியாது, அவ்வளவே. ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்புகள் தொடர்ந்து வேலை செய்யும். ஒருவர் வேலையை விட்டுப் போனதும் கடவுச்சொல்லை மாற்றினோம், தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. கிளையன்ட் கில் யூசர் கொடுத்து அந்தப் பயனரின் இணைப்புகளையும் வெட்ட வேண்டும்.

தெற்குவாசல்:

எல்லாம் சேர்த்து இப்படி வந்திருக்கிறது. பதிப்பை ஏற்றியாகிவிட்டது. செஷன் தனி ப்ராசஸுக்குப் போகிறது, கொங்குகோடு சொன்னபடி. மீதிக்கு (%ஆர் என்றால் படிக்க மட்டும்):

யூசர் கடை ரீசெட் ஆன் >(கடவுச்சொல்) ~கடை:* +கெட் +செட் +எம்கெட் +எம்செட் +டெல் +எக்ஸ்பயர் +பெர்சிஸ்ட் +எக்ஸிஸ்ட்ஸ் +இன்கர்பை +மல்டி +எக்ஸெக் +பிங் +செலக்ட் +கிளையன்ட்|செட்இன்ஃபோ

யூசர் அறிக்கை ரீசெட் ஆன் >(கடவுச்சொல்) %ஆர்~அறிக்கை:* +கெட் +எம்கெட் +ஹெச்கெட்ஆல் +இசட்ரேஞ்ச் +பிங் +செலக்ட் +கிளையன்ட்|செட்இன்ஃபோ

வேலைப் பயனருக்கான பட்டியலை கமாண்ட்ஸ்டாட்ஸ் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒர்க்கரை நிறுத்தி எழுப்பும்போது மட்டும் வரும் கட்டளைகள் சில இருப்பதால் இன்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். தணிக்கைக்காரர்களுக்கு ஏசிஎல் லிஸ்ட் வெளியீட்டை அப்படியே அனுப்பலாமா?

பழைய டிபிஏ:

இரண்டு விதியும் நன்றாக இருக்கின்றன. வகைகளை நம்பாமல் கட்டளை கட்டளையாகக் கொடுத்ததில் இன்னொரு லாபம் உண்டு. ரெடிஸ் 8-இல் ஜேசான், தேடல் கட்டளைகளெல்லாம் @ரீட், @ரைட் வகைகளுக்குள் சேர்ந்துவிட்டன. நாளைக்குப் பதிப்பை ஏற்றினாலும் உங்கள் பயனர்களின் அதிகாரம் தானாக விரியாது.

வெளியீட்டை அப்படியே அனுப்பாதீர்கள். # குறிக்குப் பின்னால் வருவது கடவுச்சொல்லின் ஷா256 ஹாஷ், அதாவது அதிலிருந்து கணக்கிட்ட குறியீடு. சொந்தமாக யோசித்து வைத்த சிறிய கடவுச்சொல் என்றால் ஹாஷிலிருந்து ஊகித்துவிட முடியும். அந்தப் பகுதியை நீக்கிவிட்டு அனுப்புங்கள். கடவுச்சொற்களை ஏசிஎல் ஜென்பாஸ் கொண்டு எடுங்கள், 64 எழுத்தில் தரும். ஒரே பயனருக்கு இரண்டு கடவுச்சொல் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதால், புதியதைச் சேர்த்து, செயலிகளை மாற்றி, பிறகு < குறியோடு பழையதை எடுத்துவிடலாம். சேவையை நிறுத்த வேண்டியதில்லை.

தெற்குவாசல்:

ஹாஷை நீக்கியே அனுப்புகிறேன். வேலைப் பயனரின் பட்டியல் முடிந்ததும் இங்கேயே போடுகிறேன், செலரி வைத்திருக்கும் வேறு யாருக்காவது உதவும்.